கிளிப் டாக்டர் வாசலில் நான் வாயைத் திறந்த கதை

எனக்கு எழுபத்திரண்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. (மற்ற மூன்றும் என் கொழுந்தன் பிள்ளைகள். அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டாள். என் தட்டில் சாப்பிட்டவர்கள் என் பிள்ளைகள்தான்.) ஏழு பேருக்கும் அம்மை போட்டிருக்கிறது, கை ஒடிந்திருக்கிறது, ஒருத்தன் சட்டைப் பட்டனை விழுங்கியிருக்கிறான். ஆனால் ஒருத்தரையும் பல்லுக்காக டாக்டரிடம் கூட்டிப்போனதில்லை. பல் விழுந்தால் கூரைமேல் எறிவோம், மறுபடி முளைக்கும். முளைத்த பல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்ப்பதற்குத் தனியாக ஒரு படிப்பு இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

எழுத்தும் எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் மகன் வயிற்றுப் பேத்தி பவித்ரா எழுதுகிறாள். கதை அவளைப் பற்றியதுதான். ஆனால் அவமானம் முழுக்க என்னுடையது என்பதால் சந்தோஷமாகவே எழுதுகிறாள்.

முதலில் என் பல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இருந்த திமிர் உங்களுக்குப் புரியாது. நாற்று நடப் போன காலத்தில் உர மூட்டையின் தையலைப் பல்லாலேயே பிரித்தவள் நான். இன்றைக்கும் கரும்பைக் கத்தி வைத்துச் சீவமாட்டேன். நான் கல்யாணமாகி வந்தபோது என் மாமியார், யாரையும் புகழாத மகராசி, என்னைத் தெருவுக்கே காட்டி, "சிரிச்சா கீழ்ப்பல்லு தெரியுதா பாரு? தெரியாது. அதான் லட்சணம்" என்றார். ஐம்பது வருஷமாக அந்தப் புகழ்ச்சியைத் தங்கச் சங்கிலி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பவித்ராவுக்கு மேல்வரிசைப் பல் முன்னால் வந்திருந்தது. பேசும்போது வாயை மூட ஒரு கை தானாக வந்துவிடும். இந்தப் பல் எங்கள் வம்சத்துப் பல் இல்லை, என் மருமகள் கலா கொண்டுவந்த பல் என்பது நான் எப்போதோ சொல்லிவிட்ட தீர்ப்பு. பேத்திக்குப் பல் முளைத்த நாளிலிருந்து, நல்ல நாள் கெட்ட நாள் பார்க்காமல் சொல்லி வந்தேன். கலா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். கையிலிருக்கும் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகக் கீழே வைப்பாள். (எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் நசுங்கல் இல்லாதது குறைவு.)

நான் சொல்லவந்த சமாசாரம் நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பவித்ரா அப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். கடம்பத்தூர்ப் பையன், பெயர் சதீஷ், கம்பெனி வேலை, நல்ல குடும்பம். போனிலேயே போட்டோ வந்தது, போட்டோ போனது. பையன் போட்டோவில் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு நின்றான். "இன்னா அடக்கம் பாரு" என்று எல்லோரிடமும் காட்டினேன். நாங்கள் அனுப்பிய போட்டோவிலும் பவித்ரா உதட்டை இறுக்க மூடியிருந்தாள். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அவன் எதற்கு மூடியிருந்தான் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை.

ஆடி கழித்து, ஆவணியில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த நேரம் பார்த்துப் பேத்தி ஒரு குண்டைப் போட்டாள்.

"ஆயா, நான் பல்லுக்குக் கிளிப்பு போடப் போறேன்."

"இன்னாத்துக்கு?"

"சிரிக்கறதுக்கு."

"இப்பவும் சிரிச்சிக்கினுதான கீற?"

"கைய வெச்சி மூடிக்கினு சிரிக்கிறேன். எனக்கு ரெண்டு கையும் வேணும் ஆயா."

"பொண்ணு பாக்க வர நேரத்துல வாய்க்கு முள்வேலி போட்டுக்கினு உக்காந்தா, வர்றவன் இன்னா நெனப்பான்? பொண்ணுல எதோ கோளாறுன்னு எழுந்து போய்டுவான். தாலி ஏறட்டும். அப்பால வாய் நெறைய கம்பி கட்டிக்கோ, யார் கேக்கறது?"

"மறைச்சிக் கட்டிக்கினு போய், அப்பறம் ஆயுசுக்கும் வாய மூடிக்கினு இருக்கவா? கிளிப்பு போட்டுட்டுதான் பொண்ணு பாக்க உக்காருவேன். இல்லன்னா அந்தப் பேச்சே வேணாம்."

என் மகன் இரும்பு கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன். நெருப்புக்குப் பயப்படாதவன் எங்கள் ரெண்டு பேருக்கு நடுவில் நிற்கப் பயந்து, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான். கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். சரி, டாக்டரைப் பார்க்கலாம், நானும் வருவேன், ஆனால் கம்பி கல்யாணத்துக்கு அப்புறம்தான். பவித்ரா சரி என்று தலையாட்டினாள். டாக்டர் எதிரில் உட்கார்ந்துவிட்டால் தன் பேச்சுதான் நடக்கும் என்று அவள் கணக்கு. பக்கத்தில் நான் இருந்தால் நடக்காது என்று என் கணக்கு.

"கும்முடிப்பூண்டி ஸ்டேஷன்கிட்டயே ஒரு பல் ஆஸ்பத்திரி கீது அத்தே" என்றாள் கலா.

"நல்லா சொன்ன. நம்ம தெரு பாதி அந்த வழியாதான் போவுது, பாதி வருது. ஆடி அமாவாசைக்குத் திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டு, அங்கயே டாக்டரப் பாத்துட்டு வந்துடலாம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"இல்ல அத்தே, கடம்பத்தூரு…"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

கலா ஒரு சொம்பைக் கீழே வைத்தாள்.

ஆடி அமாவாசையன்று பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். கோயிலைச் சொல்லி வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் இருந்தால் பொய்யாகிவிடும் இல்லையா? முதலில் குளக்கரைக்குப் போனோம். அந்தக் குளத்தில் வெல்லத்தைப் போட்டால், அது கரைகிற மாதிரி உடம்பிலிருக்கும் கட்டி, மரு எல்லாம் கரையும் என்று நம்பிக்கை. நானும் ஒரு கட்டி வெல்லம் வாங்கிப் பவித்ரா கையில் கொடுத்தேன்.

"ஆயா, வெல்லம் மாதிரி என் பல்லும் கரைஞ்சி போய்டுச்சின்னா?"

"முன்னால வந்தது மட்டும் உள்ள போவணும்னு சொல்லிப் போடு. பெருமாளுக்குத் தெரியாதா?"

கடைவீதியில் உருவத் தகடு விற்பார்கள். கண் நோய் என்றால் கண் பதித்த தகடு, கால் வலி என்றால் கால் பதித்த தகடு, வாங்கி உண்டியலில் போட வேண்டும். பல் பதித்த தகடு கேட்டேன். கடைக்காரர் கண், கை, கால், வயிறு, பாம்பு, தேள் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்.

"பல்லு வர்றதில்ல ஆயா. மொகம் வாங்கினு போ. பல்லு அதுக்குள்ளதான கீது?"

நியாயமாகப் பட்டது. ஒரு முகம் வாங்கிப் போட்டேன்.

பல் ஆஸ்பத்திரி ஒரு மாடியில் இருந்தது. கிளிப் டாக்டர் தினமும் வருகிறவர் இல்லை, மாதத்தில் ஒரு சில நாள்தான் வருவார். அன்றைக்கு அவர் வரும் நாள். படியேறும்போதே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். உள்ளே நாங்கள் மூன்று பேரும் ஒரு நர்சும் இருப்போம் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் உட்கார இடமில்லை!

பள்ளிக்கூடப் பிள்ளைகள், காலேஜ் பெண், காக்கிச் சட்டை ஆட்டோக்காரர், கழுத்தில் மஞ்சள் கயிறு வாடாத புதுப்பெண். எல்லோரும் மௌன விரதக்காரர்கள் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் டிவி ஓடியது. அதில் ஏதோ ஒரு காமெடி வர, ஹால் மொத்தமும் சிரித்தது. அப்போதுதான் பார்த்தேன். ஒருத்தருக்கு மேல்பல் முன்னால், ஒருத்தருக்குக் கீழ்த்தாடை முன்னால், ஒரு பையனுக்குப் பல்மேல் பல், பாதிப் பேருக்கு வாய் நிறையக் கம்பி. அந்த ஹாலில் நேராக இருந்தது சுவர் ஒன்றுதான்.

கலாவும் பவித்ராவும் சுவரோரம் நின்றார்கள். வயதானவள் என்று எனக்கு மட்டும் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள். அவளும் என்னைப் போலவே முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தாள். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம்.

"இன்னாம்மா, பல்லு வலியா?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"ஆமா பெரிம்மா, கடைவாப் பல்லு. உங்களுக்கு?"

"எனக்கா? எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல. கோயிலுக்கு வந்தோம், வெய்யிலு தாங்கல, சித்த நேரம் ஃபேனுக்கடியில உக்காரலாம்னு…"

அவள் தலையாட்டினாள். பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். ஏலக்காய் போட்ட டீ. அதைக் குடித்ததும் எனக்கு நாக்கில் பூட்டுக் கழன்றுவிட்டது. முந்தானையை இறக்கிவிட்டு என் பல்லைக் காட்டினேன். உர மூட்டைக் கதையைச் சொன்னேன். "ஐயோ, இந்த வயசுல இன்னா உறுதி!" என்று அவள் கன்னத்தில் கை வைத்தாள். அதற்குமேல் ஒரு மனுஷியிடம் மனதைத் திறக்காமல் எப்படி இருப்பது?

"உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா? பேத்திக்குப் பல்லு கொஞ்சம் முன்னால. அதோ நிக்கிறாளே, அவதான். எங்க வம்சத்துல கெடையாது, மருமக பக்கத்துல இருந்து வந்தது. ஆவணில பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள கம்பி கட்டிக்கறேன்னு நிக்கிது. சரியான பேஜாரு. அவங்களுக்குத் தெரிஞ்சா விடுவாங்களா?"

"எந்த ஊருக்காரங்க?"

"கடம்பத்தூரு."

ஃபிளாஸ்க் மூடியை என் கையிலிருந்து வாங்கித் திருகி மூடினாள். டீ தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் தொடர்ந்தேன்.

"பையன் அடக்கமானவன். அம்மாக்காரிதான் கொஞ்சம் அதிகாரம்னு கேள்வி. இருந்தா இருந்துட்டுப் போவட்டும். தாலி ஏறிடுச்சின்னா அப்பால அவளால இன்னா பண்ண முடியும்? பல்ல எண்ணிப் பாத்தா பொண்ணக் கட்டினு போவாங்க?"

அப்போது பவித்ராவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பாவம், பல்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்னப் பெண். பவித்ராவை நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, கடிக்கச் சொல்லி, திறக்கச் சொல்லி, மறுபடி கடிக்கச் சொல்லிப் பார்த்தார். நான் பொறுமையாக இருந்து பார்த்தேன். முடியவில்லை.

"டாக்டரம்மா, இது எங்க பக்கத்துப் பல்லு இல்ல. எங்க பல்லு எப்டி இருக்கும்னு பாக்கணும்னா என்னப் பாருங்க."

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் அந்த நாற்காலியில் ஏறிப் படுத்தேன். நானாகத்தான் வாயைத் திறந்தேன். (இதைப் பெரிய எழுத்தில் எழுது பவித்ரா, பரவாயில்லை.)

"பின்பல்லால கடிங்க பாட்டிம்மா" என்றார். கடித்தேன். சின்னக் கண்ணாடி ஒன்றை நுழைத்துப் பார்த்தார். பவித்ராவையும் கடிக்கச் சொன்னார். என்னை, அவளை, மறுபடி என்னை. பிறகு சிரித்தார்.

"பாட்டிம்மா, நீங்க கடிச்சா உங்க கீழ்ப்பல்லே தெரியல. மேல்பல்லு வந்து முழுசா மூடிடுது."

"அதான் லட்சணம்!"

"இல்ல பாட்டிம்மா, அதான் கோளாறு. கீழ்ப்பல்லு போய் மேல் ஈறுலயே படுது. உங்க பேத்திக்கும் அச்சு அசல் இதே கடிதான், கூடவே பல்லு கொஞ்சம் முன்னாடி வந்திருக்கு. உங்க பல்லு உறுதியான பல்லு, ஆனா சேர்ற விதம் சரியில்ல. இது உங்ககிட்ட இருந்துதான் இறங்கியிருக்கணும்னு தோணுது." பிறகு கலாவைப் பார்த்து, "நீங்க ஒரு தடவ கடிங்கம்மா" என்றார். கலா கடித்தாள். "இவங்களுக்கு ரொம்ப அழகான கடி. படத்துல போடலாம்."

அத்தனை வருஷமாக நான் சொல்லிவந்த தீர்ப்பு ஒரு நிமிஷத்தில் தலைகீழாகிவிட்டது. கீழே வைக்கக் கலாவின் கையில் பாத்திரம் இல்லை. ஆனால் அவள் நின்ற நிற்பு இருக்கிறதே, அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் அதுவரை பார்த்ததே இல்லை.

வெளியே வந்தேன். என் குரல் வயல்காட்டில் வளர்ந்த குரல், அந்த அறைக்குக் கதவு இல்லை, வெறும் திரைச்சீலைதான். ஹாலில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் நர்ஸ் கூப்பிட்டாள்: "கடம்பத்தூர் சதீஷ்!"

படியிலிருந்து ஒரு பையன் ஓடிவந்தான். போட்டோவில் பார்த்த அதே பையன். எங்களைப் பார்த்ததும் அதிர்ச்சியில் வாய் திறந்துவிட்டது. வாய் நிறையக் கம்பி. முன்பல் மேலும் கீழும் சேராமல், நடுவில் ஜன்னல் திறந்து வைத்த மாதிரி ஒரு சந்து.

"வாம்மா" என்றான், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்து.

கடம்பத்தூர் எங்கேயோ இருக்கிறது என்று நான் நினைத்தேன். திருவள்ளூருக்குப் பக்கத்திலேயே, ரயிலில் ஏறி உட்கார்ந்து வியர்வையைத் துடைப்பதற்குள் இறங்கிவிடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. (ஒருத்தி சொல்லவந்தாள். சும்மா இரு என்றேன்.)

அந்த அம்மாள், வசந்தா, எழுந்து நின்றாள். "ஏன் பெரிம்மா, தாலி ஏறிடுச்சின்னா என்னால இன்னா பண்ண முடியும்? இப்பவே காட்டட்டுமா? ஆவணில நாங்க வரல. தரகர்கிட்ட சொல்லிடறேன்."

நான் மட்டும் விடுவேனா? "உன் புள்ள வாயில இன்னா, பூங்கொத்தா கீது? அத்த நீ எங்களுக்குச் சொன்னியா?"

"நாங்க ஒண்ணும் மறைக்கல!"

"அப்பறம் எதுக்கு முந்தானைய மூஞ்சில போட்டுக்கினு கடைவாப் பல்லு வலின்னு சொன்ன?"

"நீங்க எதுக்கு ஃபேன் காத்துக்கு வந்தேன்னு சொன்னீங்க?"

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்துவிட்டார். "இங்க உக்காந்திருக்கறவங்கள கொஞ்சம் பாருங்கம்மா. கிளிப்புக்குன்னு எங்கிட்ட வர்றவங்கள்ல கடி சரியா இருக்கறவங்கள நான் தேடித்தான் பிடிக்கணும். ஒருத்தருக்கு மேல்பல்லு மூடுது, ஒருத்தருக்கு முன்னாடி சேரவே இல்ல, ஒருத்தருக்குக் கீழ்ப்பல்லு வெளிய வருது. எல்லாருக்கும் இருக்கறத யாரு யாருகிட்ட மறைக்கிறீங்க?"

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் பவித்ரா. ரெண்டு கையும் கீழே தொங்க, பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் சதீஷும் கம்பி மின்னச் சிரித்தான்.

"டாக்டர், எனக்கு இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க" என்றாள் பவித்ரா. தடுக்க எனக்கு வாய் வரவில்லை. என் வாயின் லட்சணம்தான் ஊருக்கே தெரிந்துவிட்டதே. அன்றைக்கே பல்லை அச்செடுத்தார்கள். கம்பி அடுத்த தடவை வந்தபோது ஏறியது.

திரும்பும் பஸ்ஸில் பெரியபாளையம் தாண்டும்போது பக்கத்தில் ஒரு விசும்பல் கேட்டது. வரன் போன துக்கத்தில் கலா அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வந்து, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

வரன் போனது போனதுதான், தரகரும் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் பெரியவர்கள் நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். கிளிப் என்பது ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. மாதாமாதம் போய் முறுக்கிக்கொண்டு வர வேண்டும். டாக்டர் வருவதோ ஒரு சில நாள். அந்த நாளில்தான் பவித்ராவும் போக வேண்டும், அந்த நாளில்தான் கடம்பத்தூர்ப் பையனும் போக வேண்டும். முறுக்கின அன்றைக்கு வலி உயிர் போகும், கஞ்சிதான் குடிக்க முடியும், அந்த வலி இன்னொரு கம்பிக்காரருக்குத்தான் தெரியும் என்கிறாள் இவள். வலியைத்தான் பேசிக்கொண்டார்களாம். நானும் நம்பினேன்.

மறு வருஷம் தையில் வசந்தா தட்டு நிறையப் பழத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பொண்ணு பாக்க வந்திருக்கோம் பெரிம்மா."

"பாத்தாச்சே. பொண்ணயும் பாத்த, என் கீழ்ப்பல்லயும் பாத்த. இன்னும் இன்னா பாக்கணும்?"

"உங்க பேத்தி சிரிக்கறதப் பாக்கணுமாம், எங்க சொந்தக்காரங்க எல்லாரும்."

கலா அன்றைக்குக் கேசரி கிண்டினாள், கூடவே முறுக்கும் வைத்தாள். பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் கம்பி இருந்ததால் கேசரியோடு நிறுத்திக்கொண்டார்கள். முறுக்கைக் கடித்துத் தீர்த்தது நானும் வசந்தாவும்தான். கல்யாண வீடியோவில் பாருங்கள், லைட் அடிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை வாயும் பெண் வாயும் பளிச் பளிச் என்று மின்னும். ஒரு போட்டோவில்கூட உதட்டை மூடவில்லை.

ஆனால் என்னை விட்டபாடில்லை. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், காபி கொடுத்த கையோடு கலா ஆரம்பிப்பாள்: "அத்தே, பின்பல்லால கொஞ்சம் கடிச்சிக் காட்டுங்க. லட்சணத்தப் பாக்கட்டும்." நானும் கடித்துக் காட்டுவேன். எனக்கென்ன வெட்கம்? அன்றைக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ரெண்டு குடும்பமும் உதட்டை மூடிக்கொண்டே சம்பந்தம் பண்ணி, கல்யாணத்துக்கு மறுநாள் சண்டை போட்டிருக்கும். சண்டையை முன்கூட்டியே முடித்துக் கொடுத்தவள் நான். அதை மட்டும் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

இப்போது பவித்ராவுக்கு ஒரு பெண் குழந்தை, தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கீழே ரெண்டு பல் எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்க்கத்தான் வசந்தா கடம்பத்தூரிலிருந்து வந்து நாலு நாளாக இங்கேயே இருக்கிறாள். குழந்தைக்கு முன்பல் சேராது, எங்கள் பையன் சாயல் என்கிறாள் அவள். மேல்பல் கீழ்ப்பல்லை மூடும், என் சாயல் என்கிறேன் நான். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

போதும் பவித்ரா. எழுதினதை முதலிலிருந்து ஒரு தடவை படி, கேட்கிறேன். அம்மாக்காரி அதிகாரம் என்று நான் சொன்ன இடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கோ. உன் மாமியார் உள்ளேதான் டீ போட்டுக்கொண்டிருக்கிறாள்.